தலையில் வைத்த கை

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன் எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். கொஞ்ச நேரம் எழுதினால் எழுத்துகள் தாளை விட்டு நழுவுவதுபோல் தெரிகிறது. அப்போது நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறேன். அதனால் கோர்வை விட்டுப் போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தலையில் அடிபட்டு, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டு, அதற்கப்புறமும் சரியாகாமல் இருட்டு மூலை தேடிப் படுத்திருக்கிற ஆள் வேறு யாராவது இருந்தால், அவருக்காக எழுதுகிறேன்.

நான் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஜீப் டிரைவர். காலையில் செம்மநத்தம் போய்ப் பழம் பறிக்கிற பெண்களை ஏற்றி வருவது, சாயங்காலம் கொண்டுபோய் விடுவது, நடுவில் உர மூட்டை, டீசல் கேன், ஏற்காடு டவுன் வேலை. இத்தனை வருஷத்தில் எனக்கு வேறு வேலை தெரியாது, வேறு வேலை வேண்டும் என்றும் தோன்றியதில்லை. வண்டி ஓட்டுகிறவன் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கண் ரோட்டில் இருந்தால் போதும். பேசாமல் இருந்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, கவனமான டிரைவர் என்று நல்ல பெயர்தான் வரும். கல்யாண வீட்டிலும் சர்ச்சிலும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிற எனக்கு, ஸ்டியரிங்கைப் பிடித்தால் அந்தக் கவலை இல்லை.

மழை ஓய்ந்து பழம் சிவக்க ஆரம்பித்த சமயம். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றக் குனிந்திருந்தேன். பானட்டைத் தாங்கியிருந்த கம்பி நழுவி, பானட் அப்படியே என் பின்மண்டையில் விழுந்தது. ரத்தம் வரவில்லை. நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம், அவ்வளவுதான்.

எஸ்டேட்டில் ஆட்களையும் வேலையையும் பார்த்துக்கொள்கிற ரைட்டர் சத்தம் கேட்டு ஓடி வந்தார்.

"ஏப்பா, பானட்டுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிறிது நேரம் கழித்து அதே ரைட்டரிடம் போய், "பானட்ட யாருங்க மூடுனது?" என்று கேட்டேனாம். திரும்பவும் அதையே கேட்டேனாம். எனக்கு அது நினைவில்லை. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை என்று மனைவி சொன்னாள்.

சேலத்துக்கு இறக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "நார்மல். மூளைக்கு ஒரு அதிர்ச்சி, அவ்ளோதான். ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்" என்றார். திரும்பி மலை ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் குடல் வாய்க்கு வந்தது. பல வருஷம் நானே ஓட்டி ஏறிய ரோடு அது.

ரெஸ்ட் எடுத்தேன். சரியாகவில்லை. தலைக்குள் ஒரு டீசல் எஞ்சின் ஓயாமல் ஓடியது. மனைவி டம்ளரைத் தரையில் வைத்தால் அந்த ஓசை கண்ணுக்குப் பின்னால் போய்க் குத்தியது. கட்டிலிலிருந்து எழுந்தால் வீடு ஒரு பக்கம் சாய்ந்தது. வெளியே போனால் அதைவிட மோசம். சில்வர் ஓக் மரங்களின் இலைக்கு அடிப்பக்கம் வெள்ளையாக இருக்கும். காற்று அடித்தால் அத்தனை இலையும் திரும்பித் திரும்பி மின்னும். அதைப் பார்த்தால் நான் மரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஸ்பீக்கர் போட்டதும் வெளியே வந்து, செருப்புகளுக்குப் பக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். "ஸ்கேன்ல ஒண்ணுமில்லையாமே?" என்று கேட்டுக்கொண்டே எல்லோரும் கடந்து போனார்கள். நார்மல் என்ற அந்த வார்த்தைக்கு நான் என்ன பதில் சொல்வது? கட்டுப் போட்டிருந்தாலாவது காட்டியிருப்பேன்.

ஒரு நாள் மனைவியிடம், "அந்த பானட் இன்னும் பலமா விழுந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அசையாமல் இருந்தாள். அன்றைக்குச் சாப்பாடு தாமதமாயிற்று.

அந்த வாரம்தான் ரைட்டர் வீட்டுக்கு வந்தார்.

"ஏற்காட்டுல ஏரிக்கு மேல ஒரு ஊட்டுல பெங்களூர்க்காரம்மா ஒருத்தங்க இருக்காங்க. நம்ம முதலாளியம்மாவுக்கு இடுப்பு நிமிராம கெடந்துச்சுல்ல, வெறுங்கையாலயே சரி பண்ணிட்டாங்களாம். வெளிநாட்டுல போய்ப் படிச்சுட்டு வந்தவங்க. ஆஸ்டியோபதியாம்."

மனைவியின் காதில் அது ஹோமியோபதி என்று விழுந்திருக்கிறது. அவளுடைய அக்கா ஹோமியோபதி சாப்பிட்டவர். அந்த மருந்துக்குக் காப்பி ஆகாது, பச்சை வெங்காயம் ஆகாது என்று சொல்லி, அப்போதிருந்தே எனக்கு இரண்டையும் நிறுத்திவிட்டாள். காப்பித் தோட்டத்தில் இருந்துகொண்டு, அடுத்த வீட்டில் வறுக்கிற வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு கிடந்தேன். தலைவலி இன்னும் ஏறியது. மருந்து சாப்பிடும் முன்னாலேயே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னாள்.

முதல் நாள் தலை நிறைய எண்ணெய் தேய்த்து, வெள்ளைச் சட்டை போட்டு அழைத்துப் போனாள். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். தமிழ் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். ஸ்கேன் காகிதத்தைப் படித்தார். விரலை ஆட்டிக் கண்ணால் தொடரச் சொன்னார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், நிற்க முடியவில்லை.

மனைவி பொறுக்க முடியாமல் கேட்டாள்: "உருண்டை காலைலயும் சாயங்காலமுமுங்களா மேடம்?"

"என்ன உருண்டை?"

"சக்கரை உருண்டைதானுங்க. நாக்குக்கு அடியில வெக்கறது."

அந்த அம்மா புரிந்துகொண்டு சிரித்தார். "அது வேற. என்கிட்ட மருந்து இல்லை. கை மட்டும்தான்."

"ஓ, கை வைத்தியமுங்களா? அப்ப கசாயமா?"

கசாயமும் இல்லை என்று புரிய வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அவர் என் பக்கம் திரும்பி, சிரிப்பில்லாமல் சொன்னார்: "மூளையை நான் கையால சரி பண்ண முடியாது. அடிபட்டதுல உங்க கழுத்து, தோள், விலா எல்லாம் இறுகிப் போயிருக்கு. அதைத் தளர்த்தினா கொஞ்சம் சுகமாகலாம். ஆகாமலும் போகலாம். வாந்தி அதிகமானா, கை கால் மரத்துப் போனா, தூக்கம் தெளியலைன்னா என்கிட்ட வராதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

குணமாகும் என்று சொல்லாத வைத்தியர் ஒருவரை அன்றுதான் பார்த்தேன். அதனாலேயே நம்பிக்கை வந்தது.

உயரமான மேஜையில் மல்லாந்து படுக்கச் சொன்னார். என் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் என் தலைக்கு அடியில் கொடுத்தார். முடிவெட்டுகிறவரைத் தவிர வேறு யார் கையும் என் தலையில் பட்டுப் பல காலமாகிவிட்டது. எண்ணெய் அவர் விரலெல்லாம் ஒட்டுமே என்று உடம்பு கூசியது. சலூனில் செய்வதுபோல் கழுத்தைத் திருப்பி ஒரு சொடக்கு எடுப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் எதுவும் செய்யவில்லை. மண்டையும் கழுத்தும் சேருகிற பள்ளத்தில் விரல் நுனிகளை வைத்து, அப்படியே இருந்தார்.

"தலையைக் குடுங்க" என்றார்.

"குடுத்துட்டனுங்க."

"இல்லை. நீங்களே பிடிச்சிட்டு இருக்கீங்க. விடுங்க."

எப்படி விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொருவர் கையில் நம் கனத்தைப் போடுவது மரியாதையாகவும் தோன்றவில்லை. ஆனால் நேரம் போகப் போகக் கழுத்து தானாகவே களைத்து இறங்கியது. அவர் விரல்கள் அந்த இறக்கத்தோடு சேர்ந்து இறங்கின. அப்போது தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின், ஆக்சிலேட்டரிலிருந்து யாரோ காலை எடுத்ததுபோல, தணிந்து மெதுவாக ஓடியது. ஜன்னலுக்கு வெளியே ஒரு குருவியின் குரல் தனியாகக் கேட்டது. அடிபட்ட நாளிலிருந்து என்னைக் குத்தாத ஓசை அது ஒன்றுதான்.

எழுந்து உட்கார்ந்ததும் கேட்டார்: "எப்படி இருக்கு?"

"பரவாயில்லைங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. திரும்பும் பஸ் நாகலூர் சேருவதற்குள் எஞ்சின் பழையபடி உறும ஆரம்பித்துவிட்டது.

இந்தச் சொல்லைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் யாராவது காலை மிதித்துவிட்டால் பரவாயில்லைங்க. குழம்பில் உப்பில்லாவிட்டால் பரவாயில்லைங்க. காய்ச்சல் விட்டாலும் பரவாயில்லைங்க. விடாவிட்டாலும், கேட்கிறவர் மனம் நோகக் கூடாதென்றால் பரவாயில்லைங்க. சொல்கிறவன் குரலைக் கேட்டு நாங்கள் எதுவென்று தெரிந்துகொள்வோம். அந்த அம்மா பெரியவராகிப் புத்தகம் வைத்துத் தமிழ் கற்றவர். பரவாயில்லை என்றால் முன்னைவிடத் தேவலை என்று கற்றிருக்கிறார். அது அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அவ்வளவு நேரம் தன் கையில் என் தலையைத் தாங்கியிருந்தவரிடம் 'கையை எடுத்தால் திரும்ப வந்துவிடுகிறது' என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாது என்பதுதான்.

வாரா வாரம் போனோம். தாடைக்கு அடியில், மார்புக்கூட்டில், முதுகுத்தண்டின் அடியில் என்று கை வைப்பார். கை இருக்கிறவரை தணியும். எடுத்தால் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் கேட்பார், ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொல்வேன்.

பஸ்ஸில் மனைவி முணுமுணுப்பாள்: "தலைய சும்மா புடிச்சுட்டு ஒக்காந்திருக்கறதுதான் வைத்தியம்னா நான் புடிக்க மாட்டனா? நான் புடிச்சா மட்டும் ஆகாதா?"

"நீ புடிச்சா முடியோட சேத்துப் புடிப்ப" என்றேன். அந்த மாதங்களில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்குள் பழம் பறிப்பு மும்முரமாகிவிட்டது. தலைச்சோலையிலிருந்து தற்காலிகமாக ஒரு டிரைவர் வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் டவுன் வேலையாக வந்த ரைட்டர் எங்களை அழைத்துப் போக அந்த வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்றபடி அந்த அம்மாவிடம் கேட்டார்.

"எப்படிங்க மேடம், எங்க டிரைவரு தேறிட்டாருங்களா?"

"ஒவ்வொரு தடவையும் பரவாயில்லைன்னு சொல்றார். நல்லா முன்னேறி வர்றார்னு நினைக்கிறேன். வண்டி ஓட்டுறது அவருக்குத்தான் தெரியணும். முடியும்னு அவர் சொன்னா, எஸ்டேட்டுக்குள்ளயே, காலி வண்டியில கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கலாம்."

ரைட்டர் என்னைப் பார்த்தார். ஜீப்பில் ஏறியதும் குரலைத் தாழ்த்தினார். "இந்த சீசனுக்குள்ள நீ வரலைன்னா தலைச்சோலைக்காரனையே நிரந்தரமா போட்டுக்கச் சொல்லிட்டாரு முதலாளி. நான்தான் இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்து வெச்சிருக்கேன். என்னப்பா, தெம்பு இருக்குதா?"

அந்த வண்டியும் போய்விட்டால் வாழ்நாள் முழுக்கச் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளாகிவிடுவேன் என்று தோன்றியது.

"பரவாயில்லைங்க" என்றேன்.

திங்கட்கிழமை காலை ரைட்டர் சாவியைக் கையில் கொடுத்து, செம்மநத்தம் போய் ஆட்களைக் கூட்டி வரச் சொன்னார். எஸ்டேட்டுக்குள் ஓட்டிப் பார்ப்பது எல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. நான் நினைவுபடுத்தவில்லை. சீட்டில் உட்கார்ந்ததும் கை தானாக கியரைத் தேடிப் பிடித்தது. மூடுபனியில் முதல் கொஞ்ச தூரம் நன்றாகவே போனேன். தேறிவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். பிறகு பனி விலகி, வெயில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே சாய்வாக விழுந்தது. நிழல், வெளிச்சம், நிழல், வெளிச்சம் என்று பானட்டின் மேல் வரிவரியாக ஓடியது. ரோடு மெதுவாக இடது பக்கம் வழிந்து இறங்குவதுபோல் இருந்தது. பிரேக்கை மிதித்தேன். ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டு, வெளியே விழுந்து, சிறுபாலத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். ஜீப் வளைவில் ரோட்டை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது.

காத்துக் காத்துப் பார்த்த பெண்கள் சோற்றுத் தூக்குப்போசியோடு நடந்தே வந்துவிட்டார்கள். வளைவு திரும்பியதும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏனுங்க டிரைவரே, நாங்க அங்க நின்னு நின்னு காலு நோவுது, நீங்க இங்க ஒக்காந்து எயற்கைய ரசிக்கறீங்களா?"

"டூரிஸ்ட்டு ஆயிட்டாருடி. ஆராச்சும் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுங்க."

"குளுருல ஐஸ்கிரீமா? மொளகா பஜ்ஜி சொல்லு."

அவர்களில் வயதான ஒருவர் முன்னால் வந்து குனிந்து பார்த்தார். "ஏய், கம்முனு இருங்கடி. மூஞ்சியப் பாரு, சுண்ணாம்பாட்டம் இருக்குது. ஏஞ்சாமி, முடியலயா?"

அந்தச் சொல் பழக்கத்தில் நாக்கு வரை வந்தது. அத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடிபட்டதிலிருந்து 'முடியலயா' என்று கேட்டவர் யாருமில்லை, எல்லோரும் 'எப்படி இருக்கு' என்றுதான் கேட்டிருந்தார்கள்.

"முடியலீங்க" என்றேன். "நொம்ப முடியலீங்க."

அப்போது பஸ் வந்தது. ஹாரன் என் மண்டைக்குள் ஆணியாக இறங்கியது. காதைப் பொத்திக்கொண்டு மடங்கினேன்.

"ஆரன அடிக்காதீங்க!" என்று அந்த வயதான அம்மாள் பஸ்ஸை நோக்கிக் கையை ஆட்டிக்கொண்டு ஓடினார். "இங்க ஒரு மனுசன் தலை நோவுல கெடக்கறாரு!"

"அதுக்கு நடு ரோட்டுலயா நிறுத்தறது?" என்று பஸ் டிரைவர் தலையை நீட்டிக் கத்தினார்.

"நீ வந்து தள்ளு, ஓரமாயிரும்!"

கடைசியில் பெண்களே தள்ளினார்கள். பஸ் கண்டக்டர் ஜீப்புக்குள் கை விட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஸ்டியரிங்கைத் திருப்பினார். "பழமும் பறிக்கோணும், ஜீப்பும் தள்ளோணும், கூலி மட்டும் ஒண்ணுதான்" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சத்தம் வராமல் சிரித்தார்கள். எனக்காகத்தான் சத்தத்தை அடக்கினார்கள் என்று தெரிந்தது. பஸ் கடந்தபோது ஜன்னல்களில் இருந்த எல்லா முகங்களும் என்னைப் பார்த்தன. நான் சின்ன வயதிலிருந்து பயந்துகொண்டிருந்தது அந்த மாதிரி ஒரு பார்வைக்குத்தான்.

மத்தியானமே மனைவி என்னை ஏற்காட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் முறை நாள் அது இல்லை. நடந்ததைக் கேட்ட அந்த அம்மா திகைத்துவிட்டார்.

"செம்மநத்தம் வரைக்குமா? நான் எஸ்டேட்டுக்குள்ளன்னுதானே சொன்னேன்! நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பரவாயில்லைன்னுதானுங்க சொன்னேன்."

"அதுக்கு அர்த்தம் தேவலைன்னுதானே?"

மனைவிதான் பதில் சொன்னாள். "மேடம், எங்க ஊட்டுக்காரரு சாவக் கெடந்தாலும் பரவாயில்லைன்னுதான் சொல்லுவாரு. அதையா நம்புனீங்க?"

அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். எண்ணிப் பார்ப்பதுபோல் இருந்தது. "அப்ப ஒரு தடவைகூட…"

"நீங்க கை வெச்சிருக்கற வரைக்கும் கொறையுமுங்க. எடுத்தா, பஸ்ஸு ஊரு போறதுக்குள்ள வந்துருமுங்க."

"எல்லாத் தடவையும்?"

"எல்லாத் தடவையுமுங்க."

"இது தெரிஞ்சிருந்தா எப்பவோ உங்களைக் கீழே அனுப்பியிருப்பேன்" என்றார். "நரம்பு டாக்டரைப் பார்க்கணும். கண்ணுக்கும் நிதானத்துக்கும் தனியா பயிற்சி இருக்கு, அதைக் குடுக்கிறவங்க வேற. என் கை மட்டும் போதாது. நாளைக்கே சேலம் போங்க. அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க."

நான் அவரிடம் அதுவரை ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அன்றுதான் கேட்டேன். "மறுபடி வண்டி ஓட்டுவனுங்களா?"

"தெரியாது" என்றார். பிறகு, "தெரியாதுங்க" என்று எங்கள் ஊர்க்காரர் மாதிரி திருத்திச் சொன்னார்.

மனைவி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். அந்த அம்மா என்னை மேஜையில் படுக்கச் சொன்னார். வழக்கம்போல் தலைக்கு அடியில் கையைக் கொடுத்தார். இந்த முறை இடையிடையே கேட்டார்.

"இப்ப?"

"சத்தம் எறங்குதுங்க. வலது பக்கம் மட்டும் இருக்குதுங்க."

"இப்ப?"

"அங்க வலிக்குதுங்க."

"இங்கயா?"

"அங்கதானுங்க. இன்னுங் கொஞ்சம் கீழ."

விரல் நகர்ந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போனது. அவர் விரல்களும் நனைந்திருக்கும். கையை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். எஞ்சின் நின்றேவிட்டது என்று சொல்லும்படி ஒரு அமைதி வந்தது. அது போகக் கூடாதே என்று மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டேன். பிறகு அவர் கையை எடுத்தார். செருப்பைப் போடக் குனிந்தேன். திரும்ப வந்துவிட்டது.

"வந்துருச்சுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை தலைச்சோலைக்காரர் ரைட்டரிடம் ஜீப் சாவியை வாங்கிக்கொண்டார். நானும் மனைவியும் சேலம் பஸ் ஏறினோம். வளைவுகளில் கவரில் வாந்தி எடுத்தேன். நரம்பு டாக்டர் அன்று லீவு என்றார்கள். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். அடுத்த பஸ்ஸில் மலை ஏறினோம்.